இடியாப்பக் கழுத்துக்காரர்

கல்யாணமான மூன்றாம் நாள் என் மனைவியின் சீர்வரிசைச் சாமான்கள் வில்லாபுரத்தில் நாங்கள் வாடகைக்குப் பிடித்திருந்த வீட்டு வாசலில் வந்து இறங்கின. கட்டில், பீரோ, குத்துவிளக்கு, எவர்சில்வர் குடம், ஒரு தையல் மிஷின். எல்லாம் உள்ளே போன பிறகு, கோரைப்பாயில் சுற்றிக் கயிறு கட்டிய பெரிய சட்டம் ஒன்றை வண்டிக்காரர் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, "இதை எங்கண்ணே வைக்க?" என்றார். நிலைக்கண்ணாடியாக்கும் என்று நினைத்தேன். பாயைப் பிரித்தால் உள்ளே ஒரு வெள்ளைக்காரன் இருந்தான். இருந்தான் என்று எழுதியது அவள் கண்ணில் பட்டால் கோபித்துக்கொள்வாள். இருந்தார்.

நாற்பது வயது இருக்கும். கறுப்புக் கோட்டு, கூரான சின்னத் தாடி. கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியை மடிப்பு மடிப்பாக வைத்து, அந்தக் காலத்துச் சீமைக்காரர்கள் போடும் ஒரு வளையம். இடியாப்பத்தை வட்டமாகப் பிழிந்து தலையை அதன் மேல் எடுத்து வைத்தது போல இருந்தது. கழுத்து என்று ஒன்று அவருக்கு இருந்ததா என்பதற்கே சாட்சி கிடையாது. பின்னால் ஒரே இருட்டு. இடது பக்கத்திலிருந்து மட்டும் எங்கிருந்தோ வெளிச்சம் வந்து கன்னத்திலும் மூக்கிலும், கையுறையைப் பிடித்திருந்த விரல்களிலும் விழுந்திருந்தது. எண்ணெய்ச் சாயம் மேலெல்லாம் கோடைக் கண்மாய் போல் வெடித்திருந்தது. கண் மட்டும் வெடிக்கவில்லை. வீட்டில் எங்கே நின்றாலும் அந்த ஆள் என்னைத்தான் பார்த்தார்.

"இது யாரு?" என்று கேட்டேன்.

"தெரியாது" என்றாள் அவள். சொல்லும்போது ஒரு சிரிப்பு. என்னைப் பார்த்து மூன்று நாளில் அப்படி ஒரு தடவைகூடச் சிரித்திருக்கவில்லை. என் வயிற்றெரிச்சல் அந்த இடத்தில்தான் ஆரம்பித்தது. இதை ஒளிக்க எனக்கு இஷ்டமில்லை. படத்தில் இருக்கிற ஒருவர் மேல் பத்து வருஷத்துக்கு மேல் பொறாமைப்பட்டவன் நான்.

என் மாமனார் ஊருக்குள் படத்துக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தவர். எந்தக் காலத்திலோ ஒரு பங்களாவிலிருந்து இந்தப் படத்தைச் சட்டம் மாற்றக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். கொடுத்தவர்கள் திரும்பி வரவே இல்லை. பங்களாவில் விசாரித்தால் கப்பலேறிப் போய்விட்டார்கள் என்று பதில் வந்தது. வேறு யார் என்ன விலைக்குக் கேட்டும் மாமனார் கொடுக்கவில்லை. அடுத்தவர் பொருள் என்று கடைச் சுவரில் மாட்டிவைத்திருந்தார். என் மனைவி தவழ்ந்த நாளிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள். கல்யாணத்துக்கு என்ன வேண்டும் என்று அப்பா கேட்டபோது இதைத்தான் கேட்டிருக்கிறாள். "கொடுத்தவுக வந்து கேட்டா மறுபேச்சு பேசாமக் குடுத்துரணும்" என்று சொல்லித்தான் மாமனார் அனுப்பிவைத்தார். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு ஆறுதல். வாசலில் காரோ டாக்சியோ நின்றால், படத்தைக் கேட்டு யாரோ வந்துவிட்டார்கள் என்று ஆசையாக எட்டிப் பார்ப்பேன்.

வந்தவர்கள் எல்லோரும் வேறு வேலையாக வந்தவர்கள். படத்தைப் பார்த்ததும் அவரவருக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். ஊரிலிருந்து வந்த என் அண்ணன், "கறுப்புச் சட்டை, தாடி. கட்சிக்காரரா?" என்று கேட்டார். பக்கத்து வீட்டு அக்கா படத்தைப் பார்த்த மாத்திரத்தில் கையெடுத்துக் கும்பிட்டது. "அணை கட்டித் தண்ணி கொண்டாந்த தொரைதான இது? எங்க பக்கம் வயலெல்லாம் இவுக புண்ணியம்தான்." இல்லை என்று எத்தனை முறை சொல்லியும் அது கேட்கவில்லை. தொரை என்றால் அதற்கு ஒரே தொரைதான். என் பங்குக்கு நான் வைத்த பெயர் இடியாப்பக் கழுத்துக்காரர். என் மனைவி அவரை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. "அவரு" என்பாள். என்னையும் பிறரிடம் "அவரு" என்றுதான் சொல்வாள். "அவரு மேல தூசி அடையுது" என்று ஒருநாள் அடுக்களையிலிருந்து சொன்னபோது நான் என் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டேன்.

நான் அப்போது திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம், எது முன்னால் வந்து அடுத்த வண்டியின் ஆட்களை அள்ளிக்கொண்டு போகிறது, இதெல்லாம் என் கைக்கடிகாரத்துக்குத் தப்பாது. அவளுக்குத் தெற்குவாசல் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர் வேலை. காலையில் அவளைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து அழுத்திக்கொண்டு போய்ப் பள்ளி வாசலில் இறக்கிவிடுவேன். பிறகு சைக்கிளை ஸ்டாண்டில் போட்டுவிட்டுத் திருமங்கலம் வண்டி ஏறுவேன். அந்தப் பயணத்தில் அவள் ஒரு வார்த்தை பேச மாட்டாள். நான் ஏதாவது கேட்டாலும் "ம்" என்பதோடு சரி. எங்கே வேடிக்கை பார்க்கிறாளோ, மனதில் என்ன ஓடுகிறதோ, எனக்குத் தெரியாது. முன்னால் மிதிக்கிறவனுக்குப் பின்னால் நடப்பது எப்படித் தெரியும்?

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் விளக்கேற்றுவாள். பிறகு கூடத்து பல்பைப் போட்டுவிட்டு அந்தப் படத்துக்கு முன்னால் போய் நிற்பாள். தொழில்புத்தி எங்கே போகும்? நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். நான்கு நிமிஷம். சில நாள் ஐந்து. பள்ளியில் ஏதோ மனத்தாங்கல் என்று வந்த ஒரு நாள் ஏழு. என் முகத்தை அவள் பார்ப்பது காபி கொடுக்கும்போது இரண்டு வினாடி. அதுவும் டம்ளரை நான் ஒழுங்காகப் பிடித்துக்கொண்டேனா என்று பார்ப்பதற்குத்தான். தாலி கட்டியவனுக்கு இரண்டு வினாடி, பெயர் தெரியாதவருக்கு ஏழு நிமிஷம். எந்த ஊர் நியாயம் இது?

அவர் கையை அவள் வரைவாள். அந்த மூக்கில் விழும் வெளிச்சத்தை வரைவாள். ஒரு கண் இமை மற்றதைவிட ஒரு நூல் இறங்கியிருக்கும், அதை மட்டும் பக்கம் பக்கமாக வரைவாள். பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஆசை என்று நாசூக்காகச் சொல்கிறேன். வெறி. ஒரே ஒரு தடவை இவள் என் எதிரில் உட்கார்ந்து, பென்சிலை எடுத்துக்கொண்டு, என் மூக்கையும் இமையையும் இதே மாதிரிப் பார்க்கவேண்டும். அதைத் தவிர அவளிடம் எனக்கு வேறு கோரிக்கை இருந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முகச்சவரம் செய்து, பவுடர் போட்டு, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு அவள் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "என்னைய வரையி."

அவள் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். "அதுக்கென்ன இப்ப அவசரம்?" என்று சொல்லிவிட்டு எழுந்து சோறு வடிக்கப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கெஞ்சிக் கேட்டேன், கேலியாகக் கேட்டேன், சண்டை போட்டுக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் அதே பதில். படத்துக்கு மாமனார் கண்ணாடி வேறு போட்டிருந்தார். அவள் வீட்டில் இல்லாதபோது அதன் முன்னால் நின்று, என் மூக்கு அவர் மூக்கின் மேல் விழும்படி நிழலைச் சரிபார்த்திருக்கிறேன். என் மூக்கு கொஞ்சம் அகலம்தான், ஒத்துக்கொள்கிறேன். மற்றபடி ஆளுக்கு ஆள் நான் குறைச்சல் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் விரிவுரையாளர் வந்து சேர்ந்தார். பள்ளியில் நடந்த ஓவியக் கண்காட்சிக்கு வந்த கல்லூரி ஆசிரியர். என் மனைவி இந்தப் படத்தைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு சனிக்கிழமை பெல்பாட்டமும் தோள்வரை ஸ்டெப் கட்டிங்குமாக வீட்டுக்கே வந்துவிட்டார். படத்துக்கு முன்னால் நின்று ஐந்து நிமிஷம் பேசவில்லை. கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். அப்புறம் வாய் திறந்தவர் மூடவே இல்லை. முன்னூறு வருஷத்துக்கு முந்தைய பாணி, பரோக் என்று பெயர், இருட்டின் நடுவில் ஒரே பக்கத்து வெளிச்சத்தில் ஆளை நிறுத்துவதுதான் அவர்கள் வழக்கம் என்றார். அசலோ பின்னால் யாரோ எழுதிய நகலோ தெரியவில்லை, யார் எழுதியது என்பதும் தெரியவில்லை, ஆள் யார் என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது என்றார்.

"இந்த மாதிரிப் படங்களுக்கு மியூசியத்துல 'யாரென்று தெரியாத மனிதர்'னே எழுதி வச்சிருவாங்கம்மா" என்றார் அவளிடம்.

"எண்ணெய்ப் படத்துக்குக் கண்ணாடி போடக் கூடாதுல்ல சார்?" என்றாள் அவள்.

"போடக் கூடாதுதான். உங்கப்பாவுக்கு அது தெரிஞ்சிருக்காது."

"தெரியும் சார். புள்ளைக கை வச்சிரும்னுதான் போட்டாரு. கை வச்சதே நான் ஒருத்திதான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் நடுவில் முறுக்குத் தட்டை வைத்துக்கொண்டு நின்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் இப்படிக் கோவையாக நாலு வார்த்தை பேசியதில்லை. பரோக்கும் தெரியாமல் பரங்கிக்காயும் தெரியாமல் நானும் ஒரு சிரிப்புச் சிரித்துவைத்தேன். விரிவுரையாளர் போகும்போது, "கொடுத்து வச்சவர் சார் நீங்க" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். படத்தைச் சொன்னாரா, அவளைச் சொன்னாரா? அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம், எனக்கு ஓய்வு நாள். அவள் பள்ளிக்குப் போயிருந்தாள். சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்துவிட்டது என்று ஊசிநூல் தேடித் தையல் மிஷின் டிராயரை இழுத்தேன். நூல்கண்டுகளுக்கு அடியில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு இருந்தது. பிரித்தேன். முதல் பக்கத்தில் ஒரு பின்கழுத்து. ஆணின் பின்கழுத்து. அடுத்த பக்கத்திலும் அதே கழுத்து, ஒரு காதோடு. அதற்கடுத்ததில் சட்டைக் காலரும், வியர்வையில் முதுகோடு ஒட்டிய துணியும். புரட்டப் புரட்ட அதேதான். வெட்டிய முடி, வளர்ந்த முடி, காதோரம் சோப்பு நுரை காய்ந்த தடம், குளித்து வந்த ஈரம். நாற்பது பக்கத்துக்குக் குறையாது. ஒரு முகம்கூட இல்லை.

கழுத்தின் இடது பக்கம், முடி முடிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு மச்சம். முதலில் பென்சில் தவறிப்போய் விழுந்த புள்ளி என்று நினைத்தேன். எல்லாப் பக்கத்திலும் அதே இடத்தில் இருந்தது. ஒரு பக்கத்தில் அதை மட்டும் பெரிதாக வரைந்து, அதில் முளைத்த ஒற்றை முடியைக்கூட விடாமல் போட்டிருந்தாள். ஊசிநூலை மறந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். காது இரண்டும் சுட்டது. இடியாப்பக் கழுத்துக்காரரைப் பார்த்தேன். கழுத்தே தெரியாத ஆள் என்பதால் அவர் மேல் மட்டும் சந்தேகப்பட வழியில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்தது.

அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்லிவிடுவாள், பொய் சொல்லத் தெரியாதவள். அந்தப் பதிலுக்குத்தான் பயம். நோட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பொத்தான் இல்லாத சட்டையோடு சுற்றினேன்.

முதல் சந்தேகம் விரிவுரையாளர் மேல். அவருடைய கல்லூரி வாசலில் போய் நின்று, அவர் ஏறிய டவுன் பஸ்ஸில் நானும் ஏறி, நேர் பின் இருக்கையைப் பிடித்தேன். பாழாய்ப்போன ஸ்டெப் கட்டிங் காலர் வரை மறைத்துக்கொண்டிருந்தது. காற்று அடித்தால் முடி ஒதுங்கும் என்று ஜன்னலைத் திறந்துவிட்டேன். அவர் திரும்பி, "அட, நீங்களா சார்!" என்று கையைப் பிடித்துக்கொண்டு இறங்கும் வரை பரோக் பேசினார். அடுத்து அவளுடைய மாமன் மகன். அவன் வீட்டுக்கு வந்தபோது முதுகில் எறும்பு என்று சொல்லிக் காலரை இழுத்துப் பார்த்தேன். மச்சம் இல்லை. பால்காரர், பள்ளி வாட்ச்மேன், கரண்டு ரீடிங் எடுக்க வருகிறவர் என்று அத்தனை பேருக்கும் பின்னால் போய் நின்றேன். ஸ்டாண்டில் வண்டிகள் தாமதமாகப் போயின, நான் கழுத்துகளைக் குறித்துக்கொண்டிருந்தேன். "என்ன மாப்ள, ஒரு வாரமா ஏங் கழுத்தையே பாக்குற? பாம்பு கீம்பு ஏறுதா?" என்று ஒரு டிரைவர் கேட்டேவிட்டார்.

தைப்பூசத்துக்கு வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் போயிருந்தோம். படிக்கட்டு முழுக்க ஜனம். எல்லோரும் தெப்பத்தைப் பார்த்துக் கும்பிட்டு நிற்க, எனக்கு முன்னால் ஆயிரம் பின்கழுத்துகள். இதில் எதுவோ, இதில் எதுவோ என்று நான் ஒவ்வொன்றாகத் துழாவிக்கொண்டிருந்தேன்.

"தெப்பத்தப் பாக்காம எங்க பாக்குறீங்க?" என்றாள்.

"நீ எங்க பாக்குற?" என்று சீறினேன். அவள் என் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். சாமியைக் கும்பிடாமலேயே வீட்டுக்குத் திரும்பினோம்.

மச்சக்காரன் அகப்படவில்லை. கோபம் மட்டும் வளர்ந்துகொண்டே போயிற்று. ஆளில்லாத கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது? கழுதையை உதைக்க முடியாதவன் சேணத்தை உதைத்த கதையாக, நான் படத்தின் மேல் பாய்ந்தேன். ஆடி அமாவாசை அன்று அவளுக்குப் பள்ளி உண்டு, எனக்கு விடுப்பு. பூக்கடையில் ஒரு சம்பங்கி மாலை வாங்கிவந்து இடியாப்பக் கழுத்துக்காரருக்குப் போட்டேன். கண்ணாடி மேல் அவர் நெற்றிக்கு நேராகச் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் அழுத்தினேன். இரண்டு ஊதுபத்தி, ஒரு வாழைப்பழம். எங்கள் பக்கத்தில் படத்துக்கு மாலை விழுந்துவிட்டால் ஆள் முடிந்துபோனார், அப்புறம் அவரிடம் பேச்சுவார்த்தை இல்லை, வருஷத்துக்கு ஒரு நாள் சோறு மட்டும்தான். செத்தவனைச் செத்தவன் என்று இவளுக்கும் காட்டவேண்டும் என்பதுதான் என் எண்ணம். மாலையோடு பார்த்தபோது எனக்கே ஒரு திருப்தி இருந்தது. அசிங்கமான திருப்திதான், ஆனால் இருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா ஊதுபத்தி வாசனைக்கு எட்டிப் பார்த்தது. "தொரைக்கு இன்னிக்குத்தான் தெவசமா? சொல்லவே இல்லையே தம்பி" என்று பதறிப்போய் வீட்டுக்கு ஓடி, ஒரு கிண்ணம் பாயாசம் கொண்டுவந்து படத்துக்குக் கீழே வைத்துவிட்டு விழுந்து கும்பிட்டது. நான் தடுக்கவில்லை.

சாயங்காலம் அவள் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே வாசனை பட்டிருக்கவேண்டும். உள்ளே வந்து படத்தைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அதற்குப் பதில் சொல்ல வார்த்தைகளைக் கூட்டிவைத்திருந்தேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி மாலையை எடுத்தாள். முந்தானையை நனைத்துக் கண்ணாடியில் இருந்த சந்தனத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். பிறகு ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

"ஒரு படத்துக்குப் போயி இம்புட்டு அழுகையா?" என்றேன். குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

"எங்க கடைக்கு முகம்னு ஒண்ணு வந்தா மாலைக்குத்தாங்க வரும்" என்றாள். "செத்தவங்களோட கார்டுல இருந்த படம், கல்யாணக் கூட்டத்துல நின்ன படம்னு எதையாவது கொண்டாருவாங்க. அப்பா என்னையப் பெருசா வரையச் சொல்லுவாரு. வரஞ்சு குடுத்தா அழுதுக்கிட்டே வாங்கிட்டுப் போவாங்க. எங்கம்மாவ நான் பதிமூணு வயசுல வரஞ்சேன். வெங்காயம் உரிச்சுக்கிட்டே சிரிச்சாங்க, அத அப்படியே வரஞ்சேன். மூணு வருசத்துல அம்மா போயிட்டாங்க. வீட்டுல வேற போட்டோ இல்ல. அப்பா அதத்தான் எடுத்து மாலை போட்டு மாட்டுனாரு. அதுலருந்து எனக்கு அந்தச் சிரிப்பு தெரியல. மாலைதான் தெரியுது."

அவள் சுவரைக் காட்டினாள்.

"கடையில மாலை வாங்காத ஆளு இவரு ஒருத்தருதான். யாரும் வாங்கிட்டுப் போகல, யாரும் அழுகல. அதான் இவரப் புடிச்சது. அதுக்கும் இன்னிக்கு நீங்க மாலை போட்டுட்டீங்க."

மாலையைக் கொண்டுபோய் வேப்பமரத்தடியில் போட்டுவிட்டு வந்தேன். பாயாசத்தை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தால் சாமி குத்தம் என்று சண்டைக்கு வரும் என்பதால் நானே குடித்தேன். செத்தவர் மேல் இருந்த பொறாமை அன்றோடு எனக்கு விட்டுப்போனது. ஆனால் அதைவிடப் பெரிய ஒன்று வந்து ஏறிக்கொண்டது. இப்போது எனக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. மாலை விழுந்துவிடுமே என்ற பயத்தில்தான் உயிரோடு இருக்கிறவர்கள் முகத்தை அவள் வரைவதில்லை. அப்படியானால் முகத்தை விட்டுவிட்டுக் கழுத்தை மட்டும் நாற்பது பக்கம் வரைந்திருக்கிறாளே, அந்த மச்சக்காரன் போய்விடக்கூடாது என்றுதானே? இழக்கக் கூடாதவன் ஒருவன் அவளுக்கு இருக்கிறான். அன்றிலிருந்து அவள் போட்ட காபி எனக்குக் கசந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. காலையில் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவேன், வாசலில் இறக்கிவிடுவேன், திரும்பிப் பார்க்காமல் மிதிப்பேன்.

முடி வெட்ட வில்லாபுரம் சலூனுக்குப் போனேன். பத்து வருஷமாக எனக்கு வெட்டுகிறவர். துணியைக் கட்டிவிட்டுக் கத்தரியை எடுத்தவரைப் பார்த்ததும், இத்தனை நாள் இந்த மனிதரை எப்படி மறந்தேன் என்று தோன்றியது. ஊரில் இருக்கிற ஆண்களின் பின்கழுத்தெல்லாம் இவர் கத்திக்குக் கீழேதானே குனிகிறது?

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன். வெளிய விடாதீங்க" என்றேன். "நம்ம ஏரியாவுல பின்கழுத்துல மச்சம் உள்ள ஆளு யாராச்சும் உண்டா? இடது பக்கம். முடி முடியிற எடத்துக்குக் கீழ. அதுல ஒத்தை முடி இருக்கும்."

கத்தரிச் சத்தம் நின்றது. அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "என்னண்ணே, வெளையாடுறீங்களா?"

"இல்லண்ணே. நெசமாத்தான் கேக்குறேன்."

"பத்து வருசமா அந்த ஒத்தை முடிய நாந்தான சுத்திக் கத்தி போடுறேன்? மச்சத்து முடிய வெட்டக் கூடாதுன்னு விட்டுவைக்கிறேன். ஒங்க கழுத்துலதாண்ணே இருக்கு" என்றார். கைக்கண்ணாடி ஒன்றை எடுத்து என் தலைக்குப் பின்னால் பிடித்தார்.

எதிர்க் கண்ணாடியில் அந்த நோட்டின் பக்கம்தான் தெரிந்தது. அதே கழுத்து, அதே காது, அதே புள்ளி. தன் பிடரியைத் தான் பார்த்தவன் உலகத்தில் யார்? முகத்தைத் தினம் சவரம் செய்யும்போது பார்க்கிறோம். பிடரியை அடுத்தவர்தான் பார்க்கவேண்டும். அவளைத் தவிர வேறு யார் இத்தனை வருஷம், வில்லாபுரத்திலிருந்து தெற்குவாசல் வரை, பேசாமல் அதைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கப்போகிறார்கள்? வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. சந்தோஷத்தில் சிரிப்பு வேறு வந்தது. "அசையாதீங்கண்ணே, காதுல பட்டுரும்" என்று அவர் என் தலையை அழுத்திப் பிடித்தார்.

வீட்டுக்குப் போனபோது அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். டிராயரைத் திறந்ததை, பஸ்ஸில் ஜன்னல் திறந்ததை, மாமன் மகனின் காலரை இழுத்ததை எல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். வாய் வரவில்லை.

"ஏம் பின்கழுத்துல மச்சம் இருக்காமே?" என்றேன்.

"அது ஒங்களுக்குத் தெரியாதா?" என்றாள், அரிவாள்மனையிலிருந்து கண்ணை எடுக்காமல். சற்றுப் பொறுத்து, "நோட்ட எடுத்தா எடுத்த மாதிரி வைக்கணும். நூல்கண்டெல்லாம் சிக்கு விழுந்து கெடந்துச்சு" என்றாள்.

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இந்த ஒரு மாதமாக இல்லை, நான் நோட்டை எடுத்த நாளிலிருந்தே. பிறகு ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்காதவனிடம் அவள் எதைச் சொல்வாள்? இடியாப்பக் கழுத்துக்காரர் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணை என்னால் சந்திக்க முடியவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல் சைக்கிளில் கிளம்பினோம். பின்னால் அவள் உட்கார்ந்திருக்கிற கனம் இருந்தது, பேச்சு இல்லை. அந்தப் பேச்சில்லாத நேரம் என்னவென்று எனக்கு இப்போது தெரியும். கழுத்து கூசியது. புதிதாக வெட்டிய முடி, காலர் அழுக்கில்லையே என்றெல்லாம் யோசனை. அப்போதும் பாருங்கள், என் குணம் எங்கே போகும், ஒரு சின்னப் பொறாமை எட்டிப் பார்த்தது. என் கழுத்துக்கு நாற்பது பக்கம், என் முகத்துக்கு ஒரு பக்கம்கூட இல்லை.

"அப்ப முன்பக்கத்த எப்ப வரைவ?" என்று கேட்டேன், திரும்பாமல்.

அவனியாபுரத்திலிருந்து வந்த பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போயிற்று. அதன் புழுதி அடங்குகிற வரை அவள் பேசவில்லை. பிறகு என் சட்டையை இடுப்புக்கு மேலே கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கென்ன இப்ப அவசரம்?" என்றாள். "நேராப் பாத்து ஓட்டுங்க."